வலது பக்க ஆயில் சீல்

இன்று சந்திரகிரியில் அம்சவேணி அக்காவைச் சந்தித்தேன். கோட்டைக்குப் போகும் ரோட்டில், டீக்கடை வாசலில், ஒரு பழைய நூறு சிசி வண்டியின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சக்கரத்தைத் தாங்கும் பளபளப்பான ஃபோர்க் பைப்பை வெள்ளைப் பஞ்சால் துடைப்பதும், பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுமாக இருந்தார். பழைய வண்டியைப் பார்த்தால் என் கால் தானாக நின்றுவிடும். என்னக்கா தேடுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டாவது டீ ஆறிப்போகும் வரைக்கும் சொன்னார். போன மாதம் நடந்ததாம். என் மனசு இன்னும் அங்கேயே நிற்கிறது, அதனால் வந்ததும் வராததுமாக எழுதிவிடுகிறேன்.

அம்சவேணிக்குப் புத்தலப்பட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தமிழ்க் கிராமம். புத்தலப்பட்டு, பாகாலா, சந்திரகிரி என்று வழியில் உள்ள சின்னச் சின்ன லேப்களில் ரத்த மாதிரிகளை வாங்கி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் திருப்பதியில் உள்ள பெரிய லேபில் சேர்ப்பது அவர் வேலை. வண்டி புருஷன் பாலையாவுடையது. அவர் அதில்தான் கொத்து வேலைக்குப் போய்வந்தார். ஒரு நாள் லாரி உரசிக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதற்கப்புறம் சாரம் ஏற முடியவில்லை. வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அம்சவேணி அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் உலை கொதிப்பது அந்த வண்டி ஓடுவதால்தான்.

போன மாதம் ஒரு மழை நாளில், லேப் வாசலில் வண்டியை நிறுத்திப் பெட்டியை இறக்கும்போது, மேற்பார்வை பார்க்கும் ஹரிபாபு முன் சக்கரத்தையே உற்றுப் பார்த்தார். இரண்டு பக்க ஃபோர்க்கிலும் எண்ணெய் கோடு கோடாக வழிந்து பிரேக் டிரம் வரைக்கும் இறங்கியிருந்தது.

"ஏம்மா அம்சவேணி, இதி ஏமிடி? உன் வண்டி தீபாவளிக்கு எண்ணெ தேய்ச்சுக் குளிக்குதா?"

"சீல் போயிடுச்சு சார். மாத்திடறேன்."

"போன வாரமும் இதேதான் சொன்னே. பிரேக்குல எண்ணெ எறங்கிப் பெட்டியோட கவுந்தேன்னு வெச்சுக்கோ, யார் ரத்தம் யாருதுன்னு ரோட்டுல குந்திக்கினு பிரிப்பியா?" அவர் குரல் இறங்கியது. "நாளைக்கு உன் ரூட்டுக்கு வேற ஆள் போவான். நாளன்னிக்கு நீ வா. நானே தொடைச்சுப் பாப்பேன். எண்ணெ இருந்துச்சுன்னா ரூட் அவனுக்கே. என் மேல கோவப்படாதே."

கோபப்படவும் வழியில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

ஃபோர்க் எண்ணெயை உள்ளே அடைத்து வைக்கும் அந்த ரப்பர் சீலுக்காக, அன்றைக்கே திருப்பதியில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஷோரூமில் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அந்த மாடலே நின்னுபோச்சும்மா. ஆர்டர் போட்டா வரும், எப்போ வரும்னு சொல்ல முடியாது" என்றார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், சீல் மட்டும் கிடையாது, ஃபோர்க்கை முழு செட்டாக மாற்று என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு அந்த வண்டியையே வாங்க ஆள் இருக்க மாட்டான்.

மறுநாள் விடிந்ததும் சித்தூரில் மெக்கானிக் நாகபூஷணம் கடை. அவர் ஃபோர்க் இரண்டையும் கழற்றிக் கீழே போட்டு, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்துக் கொடுத்தார். கிழிந்து போன வளையல் மாதிரி இருந்தது.

"கடையில போயி வண்டி பேரச் சொல்லாதம்மா. சொன்னா இல்லன்னுடுவான். இதக் காட்டி அளவு கேளு. சீல் மேலயே அச்சடிச்சிருக்கும் பாரு. வேற கம்பெனி வண்டிக்கும் இதே அளவு வருது."

"வெலை?"

"ரெண்டு பேரு பிரியாணி துன்ற காசுதான். ஆனா ஒண்ணு. மோட்டார் பம்ப் கடையில இதே அளவுல இன்னும் மலிவா ஒண்ணு குடுப்பான். வாங்கிடாதே. அது சுத்தற தண்டுக்கு உள்ளது. இது ஏறி எறங்கற பைப்பு."

அம்சவேணி கைப்பழக்கத்தில் அந்தக் கிழிந்த வளையத்தை, ரத்த மாதிரி போடும் ஜிப் கவரில் போட்டு, லேப் ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டார். முதல் கடைக்காரர் கவரைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பேஷண்ட்டுக்கு சுகரா, பிரஷரா?"

"ஒழுக்குண்ணா."

அவர் சிரித்தார், ஆனால் சீல் இல்லை. அடுத்த கடையிலும் இல்லை. மூன்றாவது, நாகபூஷணம் சொன்ன மாதிரியே பம்ப் கடை. அங்கே அதே அளவு, பாதி விலை. கையில் எடுத்தும் விட்டார். நாளைக்குத் துடைத்துப் பார்க்கப் போகிறவரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. திருப்பி வைத்துவிட்டு நடந்தார். கடைசியில் ஒரு சந்துக்குள், பழைய செயினும் கிளட்ச் பிளேட்டும் தொங்கும் கடையில், வேறொரு கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியிலிருந்து இரண்டு சீல் வந்தது. அளவு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். நாகபூஷணம் வலது பைப்பைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பைப்பில், அது உள்ளே இறங்கும் இடத்தில் இருக்கும் தூசி மூடிக்குச் சற்று மேலே, ஒரு கறுப்புக் கயிறு இறுக்கிக் கட்டியிருந்தது. பாலையா அடிபட்டுப் பிழைத்து வந்த வாரம், அவர் அம்மா கமலம்மா கங்கம்மா கோயிலில் வைத்து வாங்கி, தன் கையால் முடி போட்ட கயிறு. நாகபூஷணம் கத்தியை எடுத்தார்.

"அண்ணா, கயிற மட்டும் விட்டுடு."

"சேறு புடிச்சு மொத்தையா கீதும்மா. கட் பண்ணிட்டு வேற புதுசு கட்டிக்க."

"இல்லண்ணா. அது எங்க அத்தை கட்டினது. சீல் போடறதுக்கு அது தடையா?"

"தடை இல்ல" என்றார் அவர் இழுத்தபடி.

"அப்போ இருக்கட்டும்."

கடையில் நாலு வண்டி காத்திருந்தது. அவர் கத்தியைக் கீழே வைத்தார். புது சீல், புது எண்ணெய், பிரேக்கையும் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டிக் கொடுத்தார். சாயங்காலம் ஊர் திரும்பும்போது வண்டி பஞ்சு மாதிரி மிதந்தது. அம்சவேணி வழியெல்லாம் தனக்குத்தானே பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாராம்.

விடிந்தது. கிளம்புவதற்கு முன் லேப் பஞ்சை எடுத்து இடது பைப்பைத் துடைத்தார். வெள்ளை. வலது பைப்பைத் துடைத்தார். பஞ்சு கறுத்து, ஊறி, விரலில் ஒட்டியது.

புதுப் பஞ்சு எடுத்தார். மறுபடியும் எண்ணெய்.

வாசல் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாலையா பார்த்துவிட்டார். "இன்னாமே, மறுபடியுமா? மட்டமான சீல உன் தலையில கட்டிட்டானா?"

"ரெண்டும் ஒரே பெட்டியில இருந்து வந்ததுய்யா. ஒரே கை போட்டது. ஒண்ணு நிக்குது, ஒண்ணு ஒழுவுது." சொல்லிக்கொண்டே அவர் கண் இரண்டு பைப்புக்கும் மாறி மாறிப் போனது. இடது பக்கத்தில் இல்லாதது வலது பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான். கயிறு.

நகத்தால் அதை மேலே தள்ள முயன்றார். அசையவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் நெம்பினார். ஒரு நெல்மணி அளவுக்கு நகர்ந்தது. அடியில், பளபளப்புக்கு நடுவே, துரு. பல் சொத்தை மாதிரி ஒரு சின்னக் குழி. மழைத் தண்ணீர் கயிற்றிலேயே ஊறி ஊறி இரும்பைக் குடைந்திருந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பைப் உள்ளே போகும், அந்தக் குழி சீலின் உதட்டை அரம் மாதிரி ராவிவிட்டு வரும். எத்தனை புது சீல் போட்டாலும் இதேதான். கத்தியை எடுத்தவரைத் தடுத்தது தான்தான் என்பதும் அப்போது நெஞ்சில் குத்தியது.

"அந்த முடிச்சுல கை வெக்காதே." கமலம்மா பின்னால் நின்றார். கையில் சாணி வாளி.

"அத்தே, இதோ பாருங்க…"

"இன்னாத்த பாக்கறது? லாரி ஒரசின எம்புள்ளய எனக்குத் திருப்பிக் குடுத்தவ அந்த கங்கம்மா. நீ தெனம் அதே ரோட்டுல போய்க்கினு கீறே. அவுத்துட்டுப் போயிடு, நான் இங்க குந்திக்கினு இன்னா பண்றது?"

அம்சவேணிக்கும் அதே பயம்தான். நெடுஞ்சாலையில் லாரி பக்கத்தில் வரும்போதெல்லாம் அவர் கண் ஒரு தடவை அந்தக் கறுப்பு முடிச்சுக்கு இறங்கும். கயிறு இல்லாமல் அந்த வண்டியில் அவர் ஒரு முழம்கூடப் போனதில்லை. கயிறு இருந்தால் ரூட் கைவிட்டுப் போகும். கயிறு போனால்? அதை அவர் முழுசாக நினைக்கவே துணியவில்லை.

"ஒரு தரம் விரல வெச்சுப் பாருங்க அத்தே" என்றார்.

கமலம்மா வாளியை வைத்தார். குந்தினார். குழியை விரலால் தடவினார். எடுத்த விரலில் எண்ணெயும் துருவும். அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிரேக் டிரம்மையும் பார்த்தார்.

"எண்ணெ அங்க எறங்கினா?"

"பிரேக் புடிக்காது."

கமலம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முடிச்சைப் பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை. பாலையா அரிவாளை நீட்டினார்.

"வெட்டக் கூடாது நைனா" என்று மகனைத் தடுத்துவிட்டுக் குனிந்து பல்லால் இழுத்தார். சேறும் எண்ணெயும் உதட்டில் ஒட்ட, கயிறு அவிழ்ந்து வந்தது. அதை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டார். "நீ வர வரைக்கும் இது என் கையில இருக்கட்டும். போ. ஆவறதப் பாரு."

அம்சவேணி நாகபூஷணத்துக்குப் போன் போட்டார். அவர் திட்டவில்லை. "நான்தான் அப்பவே பாத்திருக்கணும்" என்றுவிட்டு வேலையைச் சொன்னார். நைஸ் எமரித் தாளால் துருவைத் தேய். குழியில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டுக் காயவை. மறுபடி நகம் தட்டாத அளவுக்குத் தேய். சீல் உதட்டுக்குள் துருத் துகள் மாட்டியிருக்கும், அதை எடுக்க எக்ஸ்ரே பிலிமில் மெல்லிசாக ஒரு பட்டை வெட்டிச் சுற்றி இழு.

"பிலிமுக்கு இப்போ எங்க போவறது?" என்று அம்சவேணி திகைக்க, பாலையா நொண்டியபடி உள்ளே போய் ஒரு பெரிய காக்கி உறையுடன் வந்தார். அவர் கால் எக்ஸ்ரே.

"முட்டிக்குக் கீழ வெட்டு. மேல ராடு வெச்சிருக்குது, டாக்டர் கேட்டா காட்டணும்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அம்சவேணிக்கு. குழியைத் தேய்த்து, க்ளூ விட்டுக் காய்ந்ததும் மறுபடி தேய்த்துவிட்டு, அவர் பட்டையை உள்ளே விட்டுச் சுற்ற, சிவப்பு மண்ணாகத் துரு வந்தது. மறுபடி சுற்றினார். பிலிம் சுத்தமாக வந்தது. நேரம் ஓடிவிட்டிருந்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

புத்தலப்பட்டு லேப் வாசலில் துடைத்தார், வெள்ளை. பாகாலா போகும் வழியில் ஒரு பெரிய பள்ளம், தவிர்க்க முடியவில்லை, முன் சக்கரம் தொம்மென்று இறங்கி ஏறியது. நிறுத்திப் பார்க்கப் பயந்து அப்படியே ஓட்டினார். கண் பழக்கத்தில் முடிச்சைத் தேடிக் கீழே போனது, வெறும் பைப் மின்னியது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தபோது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். பாகாலாவில் துடைத்தார், வெள்ளை. சந்திரகிரியில், இதே டீக்கடை முன்னால், வெள்ளை.

திருப்பதியில் ஹரிபாபு தயாராக நின்றார். அவருக்குப் பக்கத்தில் முந்தின நாள் ரூட் போன ஆளும் ஹெல்மெட்டோடு நின்றான். ஹரிபாபு டிஷ்யூவை மடித்து இடது பக்கம் துடைத்தார். வலது பக்கம் துடைத்தார். விரித்துப் பார்த்தார். லேசாக ஒரு கோடு. அவர் அதை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். விரலில் தேய்த்தார்.

"தூசி" என்றார். "பெட்டிய எறக்கு. லேட் ஆயிடுச்சு."

அவ்வளவுதான். ரூட் அம்சவேணியிடமே இருக்கிறது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கமலம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கையைப் பிரித்துக் காட்டினார். கயிறு வியர்வையில் நனைந்திருந்தது. எங்கே கட்டுவது என்று மாமியாரும் மருமகளும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்களாம். எங்கே பார்த்தாலும் இரும்பு. கடைசியில் ஐஸ் பெட்டியின் கைப்பிடியில் கட்டினார்கள். அது பிளாஸ்டிக். இன்று நான் பார்த்தபோதும் அங்கேதான் இருந்தது.

பழைய வண்டி வைத்திருக்கும் உங்கள் சிநேகிதர்களுக்கு இதை அனுப்புங்கள். ஃபோர்க்கில் கயிறு கட்டியிருந்தால் இன்றைக்கே அதை நகர்த்தி அடியில் பாருங்கள். சீல் கிடைக்கவில்லை என்றால் சித்தூரில் நாகபூஷணம் அண்ணன் கடைக்குப் போங்கள், அம்சவேணி அக்கா சொன்னார் என்று சொல்லுங்கள். கிழிந்த பழைய ஆயில் சீலைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். சந்திரகிரிப் பக்கம் ஒரு பெண் வண்டிக்குப் பக்கத்தில் குந்திப் பஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தால், நின்று பஞ்சு என்ன நிறம் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.