பிராந்தியில் பறந்த விமானம்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் டிரோன் ஒன்று என் தலைக்கு மேலேயே நின்று படம் பிடித்தது. நிம்மதியாகச் சோறு தின்ன விடாமல் கொசு மாதிரி இரைச்சல். ஓட்டியவனிடம், "தம்பி, நாங்க அந்தக் காலத்துலயே நீராவியில விமானம் விட்டவங்க" என்றேன். "சரிங்க பெருசு, கேமராவ மறைக்காதீங்க" என்றான். கோபத்தில் பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பாயசம் நன்றாக வேறு இருந்தது.

அவன் டிரோனில் ஒரு வாசனையும் இல்லை. எங்கள் விமானத்தில் இருந்தது. சூடான செம்பு, எண்ணெய், அப்புறம் பிராந்தி. பிராந்திக்கு வருகிறேன்.

என் சிநேகிதன் சலீம் காரைக்காலை ஒட்டிய எங்கள் திருமலைராயன்பட்டினத்தில் கடைசல் பட்டறை வைத்திருந்தான். செம்புக் குழாயைச் சுருட்டிக் கொதிகலன் செய்தான், விரல் தண்டிக்கு ஒரு பிஸ்டன் கடைந்தான், தெர்மாகோலில் இறக்கை வைத்தான். ரிமோட் அவனுடைய துபாய் மாமா கொண்டுவந்தது. பிடி என்றால் பிடிப்பதும் சுட்டால் கத்துவதும் என் பங்கு. விட்டபோதெல்லாம் அது கோழி மாதிரி எகிறி விழுந்தது. "என்ன பாய், இன்னைக்கு இட்லி வெந்துச்சா?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான்.

அதற்குள் சலீமுக்கு வளைகுடா விசா வந்துவிட்டது. "இது பறக்காம நான் ஃபிளைட் ஏற மாட்டேன் மாப்ள. ஏறுனா காலத்துக்கும் இட்லி சட்டிதான் என் பேரு."

கிளம்புவதற்கு முந்தைய நாள் அறுத்த வயலுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பார்த்தால், கொதிகலனுக்கு அடியில் எரிக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாதிக்கு மேல் பையில் கொட்டிக் கிடக்கிறது. எங்கள் ஊரில் ஸ்பிரிட்டுக்கு அலைய வேண்டும். பிராந்திக்குத் திரும்பிப் பார்த்தால் போதும். ஒரு குவார்ட்டர் வாங்கிவந்து மிச்ச ஸ்பிரிட்டோடு கலந்தேன்.

"தூ! ஹராமையா ஊத்துற?"

"குடிக்கப்போறது நீயாடா? அதுதானே!"

மூக்கைப் பொத்திக்கொண்டு பற்றவைத்தான். விமானம் குடிகாரன் மாதிரியே தள்ளாடி எழுந்து, நிமிர்ந்து, தென்னை உயரத்துக்குப் போய்விட்டது. பறந்தேவிட்டது! பார்க்கத்தான் ஆளில்லை. வயலில் ஒரு கொக்கு நின்றது, அதுவும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. சலீம் ரிமோட்டைத் திருகித் திருகிப் பார்த்தான், அது கேட்கவில்லை. வாடைக்காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போய்த் தமிழ்நாட்டு எல்லைச் சாவடியில் போட்டது.

காரைக்காலிலிருந்து போகிற பையையெல்லாம் சரக்கு இருக்கிறதா என்று மோந்து பார்க்கிற இடம் அது. நாங்கள் இரைக்க இரைக்க ஓடியபோது ஏட்டு ஒருவர் விமானத்தை மோந்துகொண்டிருந்தார்.

"ஆகாயத்துலயே சரக்கு கடத்துறீங்களாடா?"

"ஐயா, அது பறக்கவே பறக்காதுங்க. கையிலேர்ந்து நழுவி..." என்று அளந்தேன்.

"பொய் சொல்லாத! பறந்துதான் வந்துச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

சலீம் கையெடுத்துக் கும்பிட்டான். "ஐயா, இன்னொரு தடவ சத்தமா சொல்லுங்க!"

அவர் சொன்னார். டீக்கடை வரை கேட்டது. சலீமுக்குக் கண் கலங்கிவிட்டது. விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தான். மறுநாள் ஃபிளைட் ஏறினான்.

போன வாரம் அந்த டிரோன் கல்யாணத்துக்கு மறுநாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். வயலில் எவனோ மனைக்கல் நட்டிருக்கிறான். விமானம் எந்தக் காயலான் கடையில் உருகியதோ. ஏட்டு எப்போதோ ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம், ஊர் எதுவென்று ஒருத்தனுக்கும் தெரியவில்லை.

சலீமுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "விமானம் கெடக்குது, விடு மாப்ள" என்று கத்தினான். "பறந்தத பாத்த ஒரே ஆள எப்படிடா தொலச்சீங்க?"