கழுத்தில் குண்டு பட்டவன் பேசிய வசனம்

வேடியப்பனோடு சினிமாவுக்குப் போவதை அவர் வீட்டில் எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பதினேழு வருஷம் பட்டாளத்தில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடும் வேலை பார்த்தவர். இப்போது திருவண்ணாமலையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதே வேலை. பௌர்ணமிக்கு மறுநாள் கிரிவலம் சுற்றியவர்களின் கொப்புளக் கால்கள். மற்ற நாட்களில் சர்க்கரைப் புண், பைக்கிலிருந்து விழுந்தவன் முழங்கால். வீட்டு டிவியில் சண்டைப் படம் ஓடினால் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவார். தோளில் குண்டு வாங்கிய கதாநாயகன் அதே கையால் கதாநாயகியைத் தூக்குவான். அந்தக் கை இனி ஆறு மாசத்துக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போடாது என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். மனைவி சரோஜா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவுக்கு மட்டும் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. முன்னாள் ராணுவத்தினர் சங்கம் புதிதாக வந்த யுத்தப் படத்துக்கு மொத்தமாக டிக்கெட் எடுத்து, இறந்துபோன வீரர்களின் குடும்பங்களை அழைத்திருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆதிமூலமும் அவர் மருமகள் வேதாவும் வந்திருந்தார்கள். ஆதிமூலத்தின் மகன் ராஜேந்திரன், வேடியப்பன் இருந்த அதே பட்டாலியனில் இருந்தவன். பதினோரு வருஷத்துக்கு முன் எல்லைச் சாவடி ஒன்றில் குண்டு பட்டு இறந்தான். பெட்டியோடு ஊருக்கு வந்தவர் வேடியப்பன்தான்.

பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. வீட்டு வாசலில் நானூறு பேர். ஆதிமூலம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியாக என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ராஜேந்திரன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, குண்டு தொண்டையில் நுழைந்திருந்தது. அதை அந்தக் கூட்டத்தில் சொல்ல வேடியப்பனுக்கு வாய் வரவில்லை. ராஜேந்திரனின் ஒன்பது வயது மகள் கவிநிலா, பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றாமல் கதவோரம் நின்றிருந்தாள். பெண்ணை எவ்வளவு படிக்கிறதோ அவ்வளவு படிக்கவைக்கச் சொன்னார் என்று சொல்லிவிட்டார். உயிரோடு இருந்தபோது ராஜேந்திரன் பேசியதெல்லாம் நிலத்துக்குப் புது மோட்டார் வைப்பதைப் பற்றித்தான்.

அந்தப் பொய் நன்றாக வேலை செய்தது. பன்னிரண்டாவது முடித்ததும் கவிநிலாவைத் தன் மகள் வயிற்றுப் பேரனுக்குக் கட்டிவைக்க ஆதிமூலம் நாள் பார்த்தார். வேதா அந்த ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு மாமனாரை எதிர்த்து நின்றாள். செத்துப்போன மகனின் வார்த்தை, அதைத் தாண்ட அவரால் முடியவில்லை. பெண் இப்போது நர்சிங் மூன்றாம் வருஷம். ஆதிமூலம் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வாராவாரம் பஸ் ஏறி வருவார். ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தையைக் கேட்பார். வேடியப்பன் பஞ்சைப் பார்த்தபடியே சொல்வார்.

படத்தை முதல் பத்து நிமிஷம் வேடியப்பன் நம்பினார். ஒருவன் ஈர சாக்ஸை ஸ்டவ்வுக்கு மேல் காயவைத்தான். சண்டைக்குக் கிளம்பும் முன் இன்னொருவன் கொட்டாவி விட்டான். பயத்தில் கொட்டாவி வரும் என்பது போய்வந்தவனுக்குத்தான் தெரியும். விஷயம் தெரிந்த யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது. பனிமலையில் ஓடுகிறவர்களுக்கு மூச்சு வாங்கவில்லை. தோட்டா தீரவில்லை. எவனுக்கும் தாகம் எடுக்கவில்லை. காதோரம் குண்டு வெடித்த பிறகும் கிசுகிசுவென்று ரகசியம் பேசினார்கள். எதிரிகள் அத்தனை பேரும் சுடத் தெரியாத மடையர்கள். அப்படிப்பட்டவர்கள் கையில் செத்தவர்களுக்கு அதில் என்ன மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

இடைவேளைக்கு முன்னால் கதாநாயகனின் நண்பனுக்குக் கழுத்தில் குண்டு பட்டது. அவன் நாலு நிமிஷம் பேசினான். அம்மாவைப் பற்றி, மண்ணைப் பற்றி, நடுவில் ஒரு ஜோக்கு வேறு. உதட்டோரம் குங்குமப் பொட்டு அளவுக்கு ரத்தம். பின்னணியில் வயலின். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. ஆதிமூலம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். விளக்குப் போட்ட பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

வேடியப்பனும் வேதாவும் டீ வாங்க வெளியே வந்தார்கள். சங்கத்துச் செயலாளர் மக்பூல், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே வரிசையில் நின்றிருந்தார். நெஞ்சை அடைத்துவிட்டது இல்லையா என்று வேடியப்பனைக் கேட்டார். அதற்கு மேல் வேடியப்பனால் அடக்க முடியவில்லை.

"இன்னா பாய் நெஞ்ச அடைக்குது? கழுத்துல பட்டவன் பேசுவானா? மூச்சுக் கொழா பிஞ்சி, ரத்தம் உள்ள எறங்கி, கொளகொளன்னு சத்தந்தான் வரும். ஒரு வார்த்த வராது. கண்ணு நம்மளயே பாக்கும், அவ்ளோதான். செத்தவன் வாயில இவனுங்க வசனம் எழுதி வெக்கிறானுங்க, த்தூ."

நீ இந்த ஜென்மத்தில் ஒரு படத்தை முழுசாகப் பார்க்க மாட்டாய் என்று சிரித்துவிட்டு மக்பூல் டீயோடு நகர்ந்தார். வேடியப்பன் திரும்பினார். வேதா காகிதக் கப்பைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அவருக்கும் கழுத்துலதானண்ணா? போன மாசம் அந்த ஆஸ்பத்திரி பேப்பர எடுத்துப் படிச்சிட்டு கவிநிலா சொன்னா."

எங்கே குண்டு பட்டது என்று வேடியப்பன் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பெட்டியோடு கொடுத்தது இங்கிலீஷ் காகிதம், பீரோவில் கிடக்கும் என்று இருந்துவிட்டார். நர்சிங் படிக்கிற பெண் ஒருநாள் அதை எடுத்துப் படிக்கும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

"ஆமாம்மா."

"அப்ப படிக்க வெக்கச் சொன்னது?"

"நான்தாம்மா சொன்னேன்."

அவள் அழவில்லை. ஊசிப்போன குழம்பை மோந்து பார்த்தவள்போல முகம் சுருங்கியது. அந்த வாக்கியத்தை எழுதி சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னாள். அப்புறம், நிஜமாக என்னதான் செய்தார் அந்த மனுஷன் என்று கேட்டாள். வேடியப்பன் மறைக்காமல் சொன்னார். கட்டுப்போடக் குனிந்த வேடியப்பனின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். உயிர் போன பிறகும் விடவில்லை; விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"பெல்ட்டா" என்றாள் வேதா.

மணி அடித்தது. ஜனங்கள் உள்ளே போகத் தொடங்கினார்கள். அவள் கப்பைக் கசக்கிக் கூடையில் போட்டாள்.

"மாமா காதுக்கு இது போவக் கூடாது. அந்த நாத்தனா பையனுக்கு இன்னும் பொண்ணு அமையல. இவளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு இருக்குது."

தான் எதற்குச் சொல்லப் போகிறேன் என்றார் வேடியப்பன்.

"சொல்லாம இருந்தா மட்டும் பத்தாதுண்ணா. கேட்டாருன்னா முன்ன மாதிரியே சொல்லணும்."

உள்ளே ஆதிமூலம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். வேடியப்பனின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"என் புள்ளயும் இப்பிடித்தானப்பா பேசியிருப்பான். இன்னொரு வாட்டி சொல்லு."

திரையில் பனியன் விளம்பரம் ஓடியது. வேதா முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வேடியப்பன் அந்த வாக்கியத்தைச் சொன்னார். வாய் புளித்தது. ஆதிமூலம் தலையாட்டிவிட்டு இன்னும் காத்திருந்தார். படத்தில் வந்தவன் எவ்வளவோ பேசியிருந்தான்.

"அவ்ளோதானா?"

வேடியப்பன் வேதாவின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"பொண்ணு வேலைக்கும் போவணும்னாரு. அதுவரைக்கும் கல்யாணம்னு யாரும் அவசரப்படுத்தக் கூடாதுன்னாருப்பா."

ஆதிமூலம் துண்டை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார். வேதா இந்தப் பக்கம் திரும்பவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். விளக்குகள் அணைந்தன. கதாநாயகன் தனியாளாக மலை ஏறத் தொடங்கியபோது வேடியப்பன் எழுந்து வெளியே போய், குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார்.