ஐந்து நியூட்டன் மீட்டர்

புதூர்நாட்டுப் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித்தருகிறேன். எனக்கென்று இருப்பது ஏர் ரைபிள் போட்டி. வீட்டுக்குப் பின்னால் மண்மூட்டைகளை அடுக்கி, பத்து மீட்டர் தள்ளி நின்று காகித இலக்கில் சுட்டுப் பழகுவேன்.

ரைபிளின் இரும்புப் பாகத்தையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிப்பவை இரண்டே போல்ட்டுகள். இரண்டையும் ஐந்து நியூட்டன் மீட்டர் அளவுக்கு முடுக்க வேண்டும். கூடினால் கட்டை நசுங்கும், குறைந்தால் குழல் அசையும். எப்படியானாலும் குண்டு போகிற இடம் மாறிவிடும். இதை என் கணவரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. அவர் திருப்பத்தூருக்கு ஜீப் ஓட்டுகிறவர். ஸ்பேனர் பிடித்த கை சும்மா இருக்காது.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது ரைபிள் கட்டில்மேல் கிடந்தது.

"லூசா இருந்துச்சு. நல்லா டைட்டு வச்சிட்டேன்," என்றார்.

"அதுக்கு அளவு இருக்குதுங்க."

"போல்ட்டுக்கு இன்னா அளவு? கைக்குத் தெரியாதா?"

அன்று மாலை சுட்ட குண்டுகள் எல்லாம் இடப்பக்கம் விழுந்தன. பொறுக்க முடியாமல் ஒரு சிறிய டார்க் ரெஞ்ச் வரவழைத்தேன். வேண்டிய அளவை வைத்து முடுக்கினால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் வரும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும். எதையும் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது, உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கெட்டுவிடும். இதை ரெஞ்சுப் பெட்டியின் மேலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.

வேலூர்ப் போட்டிக்கு முந்தின நாள், துடைத்து மாட்டிய ரைபிளை முடுக்கினேன். சத்தமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் முடுக்கினேன். அப்போதும் இல்லை. ரெஞ்சை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"இந்த ரெஞ்சை எடுத்தீங்களா?"

"ஹாரன் நட்டு துருப்புடிச்சிக்கினு இருந்துச்சு. அதாலதான் கழட்டுனேன். நல்லா வேலை செய்துமா."

"பெட்டி மேல எழுதி வச்சிருக்கேனே."

"கண்ணாடி ஜீப்ல இருந்துச்சு."

அதற்குமேல் பேசினால் நான்தான் அழுதிருப்பேன். அளவு காட்டாத சாதாரண எல் கீயை வைத்துக் கைக்கணக்கில் முடுக்கிக்கொண்டு, மறுநாள் அவர் ஜீப்பிலேயே வேலூர் போனேன். அங்கே ஆயுதங்களைச் சரிபார்த்த அதிகாரி போல்ட்டுகளில் தன் ரெஞ்சை வைத்துப் பார்த்தார். "முன்னாடி லூசு, பின்னாடி ஓவர் டைட்டு. யாரு மேடம் மாட்டுனது?" என்றார். நான்தான் என்றேன். வேறு என்ன சொல்ல? அதே ரெஞ்சால் அவரே சரியாக முடுக்கிக் கொடுத்தார். ஆனால் நான் வீட்டில் வைத்திருந்த குறி அதனால் மாறிப்போனது. பழகிப் பார்க்கக் கொடுத்த நேரமெல்லாம் அதைத் திருத்துவதிலேயே கரைந்தது. இரண்டு புள்ளியில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டேன்.

திரும்பும் வழியில், "துப்பாக்கியே சரியில்ல, வேற வாங்கிடு," என்றார் என் கணவர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு இரண்டு ரெஞ்சுகள் வாங்கினேன். சின்னது பள்ளி அலமாரியில் பூட்டில் இருக்கிறது. பெரியது ஜீப்பின் சக்கர நட்டுகளுக்காக அவருக்கு. அளவை வைக்கவும் கற்றுக்கொடுத்தேன். கவனமாகத்தான் கேட்டார்.

போன வாரம் மலைப்பாதையில் டயர் பஞ்சரானது. மாற்றி முடித்தவர், பழைய வீல் ஸ்பேனரை நட்டில் மாட்டி அதன்மேல் ஏறி நின்று குதித்தார். புது ரெஞ்ச் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

"அது எதுக்கு இருக்குது?" என்றேன்.

"புதுசுமா. அழுக்காயிடும்," என்று இன்னொரு முறை குதித்தார்.