ஒன்பது பூ மருத்துவம்

பூவாளியைக் கீழே வைத்துவிட்டு, முத்துராமலிங்கம் ஒன்பது நித்தியகல்யாணிப் பூக்களை எண்ணிப் பறிப்பார். ஊதாவில் ஐந்து, வெள்ளையில் நான்கு. குழாய்த் தண்ணீரில் அலசி, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். கசப்பில் வாய் ஒரு பக்கமாகக் கோணும். "உள்ள இறங்குதது தெரியுது யக்கா" என்பார். எனக்குத் தெரிவது அவர் பல்லில் ஒட்டியிருக்கும் இதழ் மட்டும்தான்.

ஐந்தருவிச் சாலையில் ஒரு லாட்ஜில் தோட்டக்காரர். வயது ஐம்பத்தெட்டு. சாரல் காலத்தில் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்களை நிறுத்தி வைத்துச் செடி செடியாகப் பாடம் நடத்துவார். செம்பருத்தி முடிக்கு, ஆவாரம்பூ தோலுக்கு. யாராவது குழந்தை அரளிப் பக்கம் போனால் மட்டும் லாட்ஜே அதிரும். "ஏட்டி, கைய எடு! அது ஆளக் கொன்னுரும்!" ஒரு பூவில் விஷம் உண்டு என்று இவ்வளவு தெரிந்த மனிதர், பக்கத்துப் பாத்தியில் இருப்பதைக் கைநிறையத் தின்கிறாரே என்றுதான் எனக்கு எரிச்சல் வரும்.

பங்குனி மாதம் அவர் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குக் கட்டிகள் வந்தன. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் நெறிக்கட்டுப் புற்றுநோய் என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு டிரிப் ஏற்ற வேண்டும். அவர் மனைவி சங்கரேஸ்வரிக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். பக்கத்து வீட்டுக்காரி, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் என்பதால் துணைக்கு நான் போனேன்.

இரண்டாவது டிரிப்பின்போது ஊசி குத்த அவர் கையை நீட்டவில்லை. தைரியம் வரட்டும் என்று நான் ஒன்று சொன்னேன். "இதுல ஒரு மருந்து உன் தோட்டத்து நித்தியகல்யாணியிலேர்ந்து எடுத்ததுதான்யா." உண்மைதான் சொன்னேன். கையை நீட்டினார். தொங்கும் பாட்டிலைச் சொந்தக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாளே பூவைத் தின்ன ஆரம்பித்தார். மூன்றாவது டிரிப்புக்கு வரவில்லை.

"அங்கன ஊசியில ஏத்துதாவ, இங்கன நான் வாயில போடுதேன். நடுவுல பஸ் எதுக்கு?"

இரண்டு டிரிப்பிலேயே கட்டி கரைந்திருந்தது. அந்தப் பெருமை முழுவதையும் பூவுக்குக் கொடுத்துவிட்டார். கேட்கிறவர்களிடமெல்லாம் "நர்சம்மாவே சொல்லிட்டாவ" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். "நான் சொன்னா, 'நீ என்ன டாக்டராட்டி?'ங்காரு. நீங்க சொன்னாலும் உங்க பேச்ச வச்சே உங்கள மடக்குதாரு" என்று சங்கரேஸ்வரி என் வீட்டு வாசலில் வந்து அழுதாள்.

உட்காரவைத்து விளக்கினேன். டிரிப்பில் போவது ஒரு மருந்தல்ல, பல மருந்துகள். செடியில் இருப்பதைப் பிரித்து, சுத்தம் செய்து, எடை பார்த்து, நரம்பில் ஏற்றுகிறார்கள். ஒரு கிராம் எடுக்கவே டன் கணக்கில் காய்ந்த இலை வேண்டும். கவனமாகக் கேட்டார். "டன் கணக்குலயா?" என்று திருப்பிக் கேட்டார். மண்டையில் ஏறிவிட்டது என்று நம்பி வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், லாட்ஜ் வாசலில் இருந்த ரோஜாச் செடிகளைக் காணவில்லை. அந்த இடம் முழுக்க நித்தியகல்யாணி நாற்று.

"நீங்க சொன்னது சரிதான் யக்கா. இருக்க செடி காணாது, இன்னும் வேணும்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். மேனேஜர் ஜஸ்டின் ஓடி வந்தார். "அண்ணாச்சி, வாசல்ல சுடுகாட்டுப் பூவ நட்டு வச்சிருக்கிய! எவன் ரூம் எடுப்பான்?"

"நீ சும்மா இருடே. இது மருந்துக் கம்பெனி."

அந்த வாரம் நான்கு முறை வாந்தி எடுத்தார். கழிவு வெளியேறுகிறதாம். பச்சையாகத் தின்றால் அதுவும் விஷம்தான், ரத்தமே குறைந்துபோகும் என்று கத்தினேன். "ஆடுகூட அதுல வாய் வைக்காதுய்யா."

"ஆட்டுக்கு என்ன தெரியும்? அது சினிமா போஸ்டரத் திங்கும்."

வார்டுக்குப் போன் செய்தேன். அங்கிருந்த நர்ஸ் சுகந்தி சுருக்கமாகச் சொன்னாள். ஏற்கெனவே பத்து நாள் தள்ளிப்போய்விட்டது. வருகிற புதன்கிழமையாவது கூட்டி வர வேண்டும். இடையில் விட்டால் நோய் முன்னைவிட முரட்டுத்தனமாகத் திரும்பும், அப்புறம் இந்த மருந்துக்கும் கேட்காமல் போகலாம். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே "பாப்போம், சீசன் நேரம்லா" என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒருமுறை போனேன். இதற்கு மேல் கெஞ்சுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். "நாளைக்குக் காலையில ஆறரை பஸ்ஸு. வந்தா வா. வரலைன்னா, உன் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன்."

அவர் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் குழாயை மூடினார். ஈரக் கையை வேட்டியில் இரண்டு பக்கமும் துடைத்தார். பக்கத்தில் வந்து, என் வலது கையின் இரண்டு விரல்களைப் பிடித்து, தன் இடது தாடைக்குக் கீழே கொண்டுபோய் வைத்தார். விரலுக்கடியில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி வழுக்கி நகர்ந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. நான் கையை எடுக்கப் பார்த்தேன். அவர் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.