சலோமி அம்மாளும் நாலு மாத்துத் தண்ணீரும்

சலோமி அம்மாள் அவர்கள் சென்ற வெள்ளிக்கிழமை காலை ராயபுரத்தில் தம் வீட்டில் காலமானார்கள். வெகுநாளாய் இருந்த இளைப்பு நோய் இந்த ஐப்பசி ஈரத்தில் முற்றிவிட்டது.

நான் கடையில் கயிறு நிறுத்துக்கொண்டிருந்தேன். என் தண்ணீர்ப் படகை ஓட்டும் சாரங்கு கோதண்டம் வந்தார். எப்போதும் கேட்காமல் உள்ளே வந்து உட்காருகிறவர், வாசலிலேயே நின்றார்.

“பாய், டீச்சரம்மா பூட்டாங்க.”

“யார் சொன்னது?”

“அவங்ககிட்ட படிச்ச ஞானம்மா வந்து சொல்லிச்சு. மழைல நின்னு அயுதுகினு கீது.”

தராசை இறக்கி வைத்துவிட்டுக் கடையைச் சாத்தச் சொன்னேன்.

சலோமி அம்மாள் இங்குள்ள பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணிதம் போதித்தவர்கள். துறைமுகத்தில் சரக்கு எண்ணிய குமாஸ்தாவின் மகள். கலியாணம் செய்துகொள்ளவில்லை. அவர்களிடம் படித்தவர்களுக்கு அம்மாளின் படிப்பைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் கப்பல்களுக்குக் கயிறும் கித்தானும் நல்ல தண்ணீரும் கொடுத்துப் பிழைக்கிறவன். ஒரு வியாபாரி கண்ட சலோமி அம்மாளைத்தான் என்னால் எழுத முடியும்.

முதலில் அவர்கள் என்னிடம் வந்தது இடம் கேட்டு. என் கயிற்றுக் கிடங்குக்கு மேலே ஓர் அறை உண்டு. பள்ளிகளில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே சொந்தமாய்ப் படித்து பி.ஏ. பரீட்சை எழுதும் பெண்களுக்கு, சாயங்காலத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். ஆண்களுக்குக் கல்லூரி இருக்கிறது, இவர்களுக்கு உட்கார ஓர் இடமில்லை என்றார்கள். நான் வாடகை சொன்னேன்.

“சாயங்காலம் மட்டும்தானே இருப்போம். பாதி வாடகை வாங்கிக்கொள்ளுங்கள், பாய்.”

“மீதி நேரம் அந்த அறையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா, டீச்சரம்மா?”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே முக்காலுக்கு இறக்கிவிட்டார்கள். பேரம் என்றால் அவர்களுக்கு அவ்வளவு ஆசை. காசிமேட்டில் மீன் வாங்கும்போது ஒருத்தி என் காதுபட, “கணக்கு டீச்சர்ன்ற, ஒரு வஞ்சரத்துக்கு இம்மாம் நேரம் நின்னுகினு கீறியே” என்று கேட்டாள். “கணக்குத் தெரிந்ததால்தானம்மா நிற்கிறேன்” என்றார்கள் அமைதியாக.

சில வருஷம் வகுப்பு நடந்தது. பிறகு கொத்தவால்சாவடி வெங்காய மண்டிக்காரர் ஒருவர் அந்த அறைக்கு இரட்டிப்பு வாடகை தருவதாகச் சொன்னார். வியாபாரி என்ன செய்வான்? மாதக் கடைசிக்குள் காலி செய்யும்படி சொல்லிவிட்டேன். பரீட்சைக்குச் சில மாதமே இருந்தது. அவர்கள் கெஞ்சவில்லை. வேறு இடம் தேடி ராயபுரம் முழுக்க அலைந்தார்கள். பெண்கள் மாலையில் கூடிப் படிக்க இடம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த மாதத்தில்தான் எனக்கு இடி விழுந்தது. புயல் காற்றில் என் தண்ணீர்ப் படகின் மூடி திறந்து, தொட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட்டது. கப்பல் பாய்லருக்குப் போகும் தண்ணீர் அது. கப்பல் அதிகாரி ஒரு கிண்ணம் எடுத்து ஒரு சொட்டு மருந்து விடுவார். தண்ணீர் பால்போல் வெளுத்தால் உப்பு இருக்கிறதென்று அர்த்தம். வெளுத்தது. மறுபடியும் வெளுத்தால் தண்ணீர் கொடுக்கும் வேலை வேறொருவருக்குப் போகும் என்று ஏஜெண்டு சொல்லிவிட்டார்.

எங்கள் படகுக்காரர்கள் ‘மாத்து’ என்று ஒன்று சொல்வார்கள். ஒரு பக்கம் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொண்டே மறுபக்கம் இறைத்துவிடுவது. தொட்டியளவு ஊற்றினால் ஒரு மாத்து. பழைய தண்ணீர் அத்தனையும் போய்விடும் என்பது நம்பிக்கை. நானும் நம்பினேன். ஒரு மாத்து முடிந்து நாங்களே மருந்து விட்டுப் பார்த்தோம். வெளுத்தது.

“இன்னா பாய் இது, எம்மாம் ஊத்துனாலும் உப்பு இருந்துகினே கீது” என்று, கடைக்குத் திரும்பியதும் கோதண்டம் தலையில் கை வைத்துக்கொண்டார். தொட்டியை அடியோடு காலி செய்யலாமென்றால், அந்த அலையில் காலிப் படகு கவிழ்ந்துவிடும்.

சத்தம் கேட்டு டீச்சரம்மா கீழே இறங்கி வந்தார்கள். காலி செய்யச் சொன்னவனிடம் முகம் திருப்பவில்லை. கோதண்டத்திடம் முதல் கேள்வி கேட்டார்கள்: “உப்பு அடியில் தங்குமா, கலந்துவிடுமா?”

“ஆடிக்கினே கீதே, டீச்சரம்மா. தானா கலந்துடும்.”

“அப்படியானால் கணக்குப் போடலாம்.”

கிடங்குக் கதவிலேயே சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். “உப்பு போகிற வேகம், அந்தந்த நேரத்தில் உள்ளே இருக்கிற உப்பைப் பொறுத்தது. முதலில் வேகமாய்ப் போகும். குறையக் குறைய, போவதும் குறையும். ஒரு மாத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளேயே நின்றுவிடும்.” இந்த மாதிரிக் கணக்குக்கு டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்று பெயராம், இது அதில் முதல் வரிசையாம். தீர்க்கும் வழியையும் சொன்னார்கள்: “உப்பைச் சேர்ந்ததெல்லாம் இந்தப் பக்கம், காலத்தைச் சேர்ந்ததெல்லாம் அந்தப் பக்கம்.”

“பாகப்பிரிவினைதானே” என்றேன். “ஆமாம் பாய், அதேதான்” என்று சந்தோஷப்பட்டார்கள். “பிரித்து, கூட்டி முடித்ததும் ஒரு தெரியாத எண் நிற்கும். தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று தெரிந்தால்தான் அது தீரும்.” அது ஆரம்ப இருப்பு என்றேன். அதன் பிறகு மாடியில் அந்தப் பெண்கள் பாகப்பிரிவினை என்றும் ஆரம்ப இருப்பு என்றும் பேசிக்கொள்வது என் கடைக்குக் கேட்கும்.

படகிலிருந்து எடுத்த தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாய் நல்ல தண்ணீர் சேர்த்து, மருந்து வெளுக்காத அளவைக் கண்டுபிடித்தார்கள். உப்பு ஐம்பதில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். “இன்னும் நாலு மாத்து” என்றார்கள். நாலு தொட்டித் தண்ணீர். அத்தனையும் என் செலவு. வியாபாரி புத்தி சும்மா இருக்குமா? “ஊற்றும்போதே இறைப்பானேன்? பாதியை இறைத்துவிட்டு, அப்புறம் நிரப்பினால்?” என்று கேட்டேன்.

டீச்சரம்மா கோதண்டத்தைப் பார்த்தார்கள். “பாதி வரிக்கும் தாங்கும். அதுக்குக் கீய போனா சாஞ்சுடும்” என்றார் அவர்.

“பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. ஆறு தடவையில் அறுபத்துநாலில் ஒரு பங்கு. மொத்தம் மூன்றே தொட்டி. ஒரு தொட்டி மிச்சம், பாய். இதற்கு என் ஈக்வேஷனே வேண்டாம், பெருக்கத் தெரிந்தால் போதும்.”

“பின்னே எதற்கு அதைப் போட்டீர்கள்?”

“மாத்து என்பது எவ்வளவு நஷ்டம் என்று தெரியாமல் இருந்திருந்தால், நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா?”

ஆறு தடவை இறைத்து நிரப்பினோம். அதிகாரியின் கிண்ணத்தில் தண்ணீர் வெளுக்கவில்லை. வேலை எனக்கு நிலைத்தது.

மறுநாள் மாடிக்குப் போய், என்ன வேண்டும் என்று கேட்டேன். “அறை வேண்டும். பழைய வாடகைக்கு.” எவ்வளவு காலத்துக்கு என்றேன். “நான் இருக்கிற வரைக்கும்.” ஒப்புக்கொண்டேன். மண்டிக்காரரிடம் இடமில்லை என்று சொல்லி அனுப்பினேன். வகுப்பு நிற்கவே இல்லை. இளைப்பு அதிகமான நாட்களில் படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மேலே ஏறுவார்கள். தாங்கிப் பிடிக்க யாரையும் விடமாட்டார்கள்.

காசிமேட்டுக் கல்லறையில் மழையோடு மழையாய் அடக்கம் நடந்தது. குடைகளெல்லாம் பெட்டியின் மேல்தான் பிடிக்கப்பட்டிருந்தன. பிடித்த பெண்கள் அத்தனை பேரும் நனைந்தார்கள். கோதண்டமும் சாரங்குகளும் தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். டீச்சரம்மா, இனி மூச்சுக்குத் தவிக்க வேண்டாம். நிம்மதியாய்ப் போய் வாருங்கள்.

திரும்பி வந்தால் மாடியில் சத்தம். ஞானம்மாள் கரும்பலகையைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார். டீச்சரம்மாவிடம் படித்துத் தேறி, அந்த வகுப்பிலேயே பாடம் சொல்ல ஆரம்பித்தவர் அவர்.

“பேச்சு அவங்க இருக்கிற வரைக்கும்தானே, பாய்? நீங்க சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாதுன்னுதான்.”

“பலகையை மாட்டும்மா. அந்தப் பேச்சு முடிந்தது. புதுசு பேசுவோம்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, குருவுக்குத் தப்பாத சிஷ்யையாய், கூரை ஒழுகுகிறது என்றுதான் அவர் பேரத்தைத் தொடங்கினார். நின்றபடியே பேசி முடித்தோம். வாடகை பழையதே. கூரை என் செலவு, விளக்குக்கு எண்ணெய் அவர்கள் செலவு. காலம்: வகுப்பில் ஒரு பெண்ணாவது படிக்கிற வரைக்கும்.