பஸ் ஸ்டாப்பில் நிற்கச் சொன்னவர்கள்

கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. அதற்கு முன், காலை ஏழிலிருந்து எட்டு வரை, எங்கள் சமுதாய வானொலி நிலையத்தில் இருப்பேன். காலை நிகழ்ச்சிக்குப் போட்டிகளை யோசித்துக் கொடுப்பது என் பங்கு. எந்தப் போட்டிக்கு யார் போனில் பேசினார்கள், எது எடுபடாமல் போனது என்று தேதியோடு நோட்டில் எழுதி வைப்பேன்.

விடுகதைப் போட்டிக்கு ஒரே ஆள் தினமும் பேசினார். சத்தத்தைக் கேட்டுப் பொருளைச் சொல்லும் போட்டிக்காகத் தார்ப்பாயில் சின்ன வெங்காயம் கொட்டுவதைப் பதிவு செய்து ஒலிபரப்பினேன். வெங்காயம் விளையும் குன்னம் பக்கத்துக்காரர்கள் முதல் நொடியிலேயே சொல்லிவிட்டார்கள். டவுன்காரர்கள் மழை என்றார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் 'வழி சொல்லுங்க'. பேசுபவர் ஒரு நிமிடத்துக்குள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தன் வீட்டுக்கு வழி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதை எழுதிக்கொண்டு நான் ஸ்கூட்டரில் கிளம்புவேன். யாரிடமும் கேட்கக் கூடாது. போன் செய்யக் கூடாது. போய்ச் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். போன கதையைத் திங்கட்கிழமை நிகழ்ச்சியில் சொல்வேன்.

முதல் மாதம் நான் போய்ச் சேர்ந்ததைவிடத் திரும்பி வந்ததே அதிகம். பழைய தியேட்டர்கிட்டத் திரும்புங்க என்றார் ஒருவர். தியேட்டர் கல்யாண மண்டபமாகிப் பல வருடம் ஆகிறது. புளியமரத்தடி என்றார் இன்னொருவர்; சாலையை அகலப்படுத்தியபோதே மரம் போய்விட்டது. இல்லாததை வைத்து வழி சொல்கிறார்கள் என்று நோட்டில் தனிப் பக்கம் போட்டேன்.

இரண்டாம் மாதம் குன்னம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் பேசினார். வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர்.

"பஸ் ஸ்டாப்புல எறங்கி நில்லுங்க சார். நானே வந்து கூட்டிட்டுப் போயிடறேன்."

நிகழ்ச்சியை நடத்தும் பெண் சிரித்துவிட்டார். "அக்கா, நீங்க வந்துட்டா அப்புறம் போட்டி எதுக்கு? எங்க சார் தொலைஞ்சு போறதைக் கேக்கத்தான் ஊரே உக்காந்திருக்கு."

"அய்யோ, ஆமால்ல" என்றார் அவர். அதற்குள் நிமிடம் முடிந்துவிட்டது.

அன்று மாலை நோட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன். நில்லுங்க, நானே வரேன் என்று சொன்னவர்களில் இவர் நான்காவது ஆள். நல்ல விருந்தோம்பல் என்று முந்தைய மூன்றையும் ஓரத்தில் குறித்திருந்தேன். ஆனால் அந்த நான்கு பேரும் வேறு வேறு ஊர். வார்த்தை மட்டும் ஏன் ஒன்றாக இருக்கிறது? மறுநாள் ஒலிபரப்பு முடிந்ததும் நிகழ்ச்சி நடத்தும் பெண்ணிடம் கேட்டேன்.

அவர் ஹெட்போனின் ஒயரைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "வழி சொன்னா காலனின்னு வாயால சொல்லணும்ல சார். எங்க வூட்டுக்கு வழி கேட்டாலும் எங்கப்பா இப்படித்தான் சொல்வாரு. பஸ் ஸ்டாப்புல நில்லுங்க, வந்துடறேன்."

நான்கு வருடமாக அவரோடு உட்கார்ந்து நிகழ்ச்சி செய்கிறேன். அவர் வீடு எங்கே என்று நான் கேட்டதில்லை. விருந்தோம்பல் என்ற சொல்லை மூன்று இடத்திலும் அடித்தேன்.

அடுத்த வாரம் அந்தத் தையல்காரப் பெண் மறுபடியும் பேசினார். இந்த முறையும் எடுத்தவுடன் வழி சொல்லவில்லை.

"டிபன் பாக்ஸ் எனக்கு வேணாங்க. ஊருக்குள்ளேருந்து துணி குடுக்கறவங்க பஸ் ஸ்டாப்புலயே குடுத்துட்டுப் போயிடறாங்க. அளவு ஜாக்கெட்டைப் பாத்துத் தைக்கறேன். கை பிடிக்குது, கழுத்து எறங்குதுன்னு அப்புறம் எனக்குத்தான் பேச்சு. வூட்டுக்கு வந்து அளவு குடுத்தா ஏன் பிடிக்கப் போவுது? ரேடியோவுல சொன்னா நாலு பேரு வருவாங்களான்னு பாக்கறேன்."

"சொல்லுங்கக்கா. நேரம் இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றார் நிகழ்ச்சி நடத்தும் பெண். உண்மையில் நிமிடம் பாதி போய்விட்டது. நான் கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்.

"பஸ் ஸ்டாப்புல எறங்குனா எதுத்தாப்புல தண்ணி டேங்கு. ஊருக்குள்ள போற ரோட்டுல திரும்பாதீங்க. டேங்குக்கு இந்தாண்ட, மக்காச்சோளக் காட்டை ஒட்டி சிமெண்டு ரோடு போவும்." கொஞ்சம் நிறுத்தினார். "அதுதான் எங்க காலனி. நேரா வாங்க. ரெண்டாவது லைட்டுக் கம்பம், சோத்தாங்கை பக்கம் மூணாவது வூடு. பச்சை கேட்டு."

அதுவரை வந்ததிலேயே பிசிறில்லாத வழி அதுதான். சொன்ன எல்லாமே அந்தந்த இடத்தில் இருந்தன. ஞாயிறு காலை பத்தேகாலுக்குப் பச்சை கேட்டின் முன் வண்டியை நிறுத்தினேன்.

அவர் வாசலில் இல்லை. உள்ளே மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வண்டிச் சத்தம் கேக்கறப்பல்லாம் எழுந்துட்டேன் சார். ரோட்டுக்கு வந்து நின்னா தோத்துடுவோமேன்னு திரும்ப உக்காந்துட்டேன்" என்று சிரித்தார்.

டீ கொடுத்தார். யாராவது வந்தார்களா என்று கேட்டேன். நீங்கதான் மொத ஆளு, உங்களுக்கு ஜாக்கெட் தைக்க முடியாதே என்றார்.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. ஓட்டி வந்த அம்மா இறங்கவில்லை. இஞ்சினையும் அணைக்கவில்லை. மஞ்சள் பையை கேட்டுக்கு மேலாக நீட்டினார்.

"ரேடியோவுல கேட்டேன். அதான் இங்கயே கொண்டாந்துட்டேன். இந்தா, அளவு ஜாக்கெட்டும் உள்ளயே இருக்கு."

தையல்காரப் பெண் எழுந்தார். கேட்டு வரை போகாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கக்கா, அளவு எடுத்துக்கறேன்."

"அதான் ஜாக்கெட்டு வச்சிருக்கேங்கறனே."

"அந்த ஜாக்கெட்டுலதான் கை பிடிக்குதுன்னு சொன்னீங்க. அதையே பாத்து வெட்டுனா இதுவும் பிடிக்கும்."

பை நீட்டியபடியே இருந்தது. அந்த அம்மா தெருவின் இரு முனைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் வண்டியைத் திருப்பப் போகிறார் என்றே நினைத்தேன். இஞ்சின் அணைந்தது. ஸ்டாண்டைப் போட்டார்.

அளவு எடுக்கும் இடத்தில் எனக்கு வேலை இல்லை. டிபன் பாக்ஸை மெஷின் மேல் வைத்துவிட்டு, அவர் உள்ளே வர வழிவிட்டு வெளியே வந்தேன். ஹெல்மெட் மாட்டும்போது உள்ளேயிருந்து தையல்காரப் பெண்ணின் குரல் கேட்டது.

"நிமிந்து நில்லுங்கக்கா. மூச்சைப் பிடிக்காதீங்க."