மாமனாரின் மீன் மாத்திரை

எண்பதுகளில், செங்கம் ரோட்டில் எங்கள் மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரம்மா வாடகைக்கு இருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது என் மாமனாருக்கு ஒரு பாட்டில் மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே மஞ்சளாக மீன் எண்ணெய். வயதானவர்களின் இதயத்துக்கு நல்லதாம், தினம் ஒன்று. மாமனாருக்கு அப்போதுதான் நெஞ்சுவலி வந்து போயிருந்தது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை வேறு. இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மனிதர் மீன் என்றால் உயிரை விடுவார். ஆனால் செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை, அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் எதிலும் கவிச்சி தொடமாட்டார்.

"மருந்துல ஏது மாமா கவிச்சி?" என்றேன்.

"மீன்னா மீன்தாம்மா. பாட்டில்ல இருந்தா இன்னா, சட்டியில இருந்தா இன்னா?"

எப்படியோ போகட்டும் என்று விட்டேன். அதுதான் என் தப்பு. விட்டுப்போன நாட்களை விரல்விட்டு எண்ணி, ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்புச் சோற்றோடு ஐந்து மாத்திரையை ஒரேயடியாக விழுங்கிவிட்டார். சாயங்காலம் வரை ஏப்பம். பக்கத்து வீட்டுப் பூனை அவர் நாற்காலியை விட்டு நகரவில்லை.

புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது என்பதால் பாட்டில் பரணுக்கு ஏறியது. மாதக் கடைசியில் அவருக்குத் தலை சுற்றியது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். பிரஷர் எக்கச்சக்கம். மீன் மாத்திரையை நிறுத்தியதால்தான் என்று நான் புலம்ப, டாக்டர் கையமர்த்தினார்.

"அது கெடக்கட்டும்மா. நான் குடுத்த பிரஷர் மாத்திரைய ஒழுங்கா போடறாரா?"

மாமனார் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஐயா, உங்களத்தான் கேக்கறேன்."

"அதுலயும் இன்னா கலந்திருக்குதோன்னு... விரத நாள்ல மட்டும் நிறுத்திட்டேங்க. இந்த மாசம் பூரா..."

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். நடுரோடு, மாமனார், எதையும் பார்க்கவில்லை. "உசுரு போயிருந்தா இன்னா மாமா பண்றது? கொஞ்சமாச்சும் நெனச்சுப் பாத்தீங்களா?" கத்திக்கொண்டே அழுதுவிட்டேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் பயந்தாம்மா. மாத்திர குடுத்தவங்க பிளேன் ஏறிப் போயிட்டாங்க. இவரு இங்கியேதான இருக்காரு?" என்று, எங்கள் ஊரே சாமியாகக் கும்பிடும் மலைப் பக்கம் கையைக் காட்டினார். "போற வயசுல இவர எப்படிம்மா பகைச்சுக்கறது?"



மறுநாள் வெள்ளிக்கிழமை. பிரஷர் மாத்திரையைச் சாமி முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டி, திருநீற்றுத் தட்டிலேயே கொண்டுபோய் நீட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொண்டார்.